பள்ளிவாசல் ஏற்றத்தில் மூன்றாவது சிலிண்டர்

இந்தக் கதையில் வரும் காரை நீங்கள் நேரிலேயே வந்து பார்க்கலாம். நல்லேப்பிள்ளியில் அப்புசாமி அண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், முருங்கை மரத்தடியில் நிற்கிறது. வெள்ளை நிறம். பெட்ரோல் வண்டி. சாவி உள்ளே ஆணியில் தொங்குகிறது. எடுத்து ஓட்டுங்கள். வாளையார் வரை போய், சிமென்ட் லாரிகளுக்கு நடுவே திரும்பி வாருங்கள். அந்த இன்ஜினில் ஒரு குறை சொல்ல உங்களால் முடியாது.

என்னாலும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் ஓட்டிய வண்டி இது. என் கையால் கழற்றி மாட்டிய காயில். என் காதால் கேட்ட சத்தம். இதில் மற்றவர்களிடம் கேட்டு எழுதியது கடைசிப் பகுதி மட்டும்தான்.

என் பெயர் ஆனந்தகுமார். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்துவிட்டு நான்கு வருடமாக அப்புசாமி அண்ணனிடம் வேலை பார்க்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காருக்கடியில் அட்டையைப் போட்டுப் படுத்துக்கொண்டு மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பேன். பனி கொட்டும் ஊர்கள், பேரே வாயில் நுழையாத மனிதர்கள். படித்துக்கொண்டே தூங்கிவிடுவேன். இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'அவன் கனவு காண்கிறவன்' என்று எங்கள் ஊரில் யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அன்று நான் தூங்கவில்லை.

போன நவம்பர், இரண்டாவது வாரம். மோகனசுந்தரம் அண்ணன் வண்டியோடு வந்தார். ஐம்பது வயது. ஊரில் நெல் வயல், பள்ளிவாசலுக்குக் கீழே குத்தகைக்கு எடுத்த ஏலத்தோட்டம். வலது கையில் பெரிய பவழ மோதிரம். பேசும்போது அந்த மோதிரத்தால் எதையாவது தட்டிக்கொண்டே இருப்பார். அன்று பானட்டைத் தட்டினார்.

"ஏனுங்க அப்புசாமி, இது எனக்கு மூணாவது வண்டி. மூணும் அந்த ஒரே ஏத்தத்துல மிஸ்ஸிங் அடிக்குது. நீங்க இங்க நிறுத்தி வெச்சுப் பாத்துட்டு ஒண்ணுமில்லீங்கன்னா என்ன அர்த்தம்?"

"பெட்ரோல் கோளாறா இருக்குமுங்க."

"மூணு வண்டிக்கும் ஒரே பங்க்லயா ஊத்துனேன்? மொத வண்டிய கொழிஞ்சாம்பாறை டாக்டர் வாங்கிட்டுப் போனாரு. அவருக்குப் பட்டாட்டம் ஓடுதாம். எனக்கு மட்டும்தான் அது சண்டித்தனம் பண்ணுது."

"பொண்டாட்டிகிட்டக் கேட்டுப் பாத்தீங்ளா? சில வண்டிக்கு ஓட்டறவரப் புடிக்காது" என்றார் அப்புசாமி அண்ணன்.

எல்லோரும் சிரித்தோம். மோகனசுந்தரம் அண்ணன் சிரிக்கவில்லை.

மிஸ்ஸிங் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜினில் நான்கு சிலிண்டர். நான்கும் முறை வைத்து எரியும். ஒன்று தன் முறை வரும்போது எரியாமல் விட்டுவிட்டால் வண்டி குலுங்கும், இழுவை போய்விடும். எது விடுகிறது, ஏன் விடுகிறது என்று கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி கொடுக்க ஒரு காயில் உண்டு. சந்தேகப்படும் காயிலைக் கழற்றி வேறு சிலிண்டரில் மாட்டுவோம். குறை அதோடு கூடவே போனால் காயில் கெட்டது. போகாமல் நின்ற இடத்திலேயே நின்றால் காயில் மேல் பழி இல்லை.

அப்புசாமி அண்ணன் இதை ஒரே வரியில் சொல்வார். "குத்தம் எது கூடப் போகுதோ, அதுதான் கெட்ட சாமான்."

குறை அந்த ஏற்றத்தில் மட்டும்தான் வருகிறது என்றால், அந்த ஏற்றத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். எந்த சிலிண்டர் எத்தனை தடவை விடுகிறது என்று எண்ணிக் காட்டும் ஸ்கேனரைக் கொடுத்து என்னை அனுப்பினார்.

விடியற்காலையில் கிளம்பினோம். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு. அண்ணன்தான் ஓட்டினார். நான் இடது பக்க சீட்டில், மடியில் ஸ்கேனரோடு. மறையூர் ஏற்றத்தில் கண் வைத்துப் பார்த்தேன். நான்கு சிலிண்டருக்கும் எதிரே பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். நல்ல ஏற்றம் அது. வண்டி பாடிக்கொண்டே ஏறியது. வேலை இல்லாததால் பையிலிருந்து நாவலை எடுத்தேன்.

"என்னடா பொஸ்தகம் அது?"

"வேற நாட்டுக் கதைங்ணா."

"நம்மூர்ல நடக்கறது பத்தாதுன்னு அதை வேற படிக்கறியாக்கும்."

மறையூர் தாண்டி ஒரு பெரியவர் தோளில் மூட்டையோடு கை காட்டினார். வண்டி நிற்கவில்லை. கண்ணாடியில் அவர் சின்னதாகிப் போவதைப் பார்த்தேன்.

அண்ணன் மோதிரத்தால் ஸ்டியரிங்கைத் தட்டினார். டிக். டிக். "கை காட்டறவனுக்கெல்லாம் நிறுத்துனா நாம ஊடு போயிச் சேர முடியாது, தம்பி. கிட்ட வந்து நின்னுக்கிட்டான்னா, கண்ணாடிய ரெண்டு வெரக்கடை எறக்கி ஒரே வார்த்தை. 'வண்டி மிஸ்ஸிங், ஏறாது.' அவ்வளவுதான். அப்பறம் ஒருத்தனும் கெஞ்ச மாட்டான். பாவம்னு நமக்கே வழி உடுவான்."

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது வைத்துக்கொள்ளவில்லை.

மூணாறு தாண்டி, பள்ளிவாசலில் மெயின் ரோட்டை விட்டு இடது பக்கம் ஓர் எஸ்டேட் ரோடு இறங்குகிறது. ஒரு வண்டி போகும் அகலம். இரண்டு பக்கமும் தேயிலை. பாதி வழியில் ஒரு வளைவு, அதில் ஓடை கடக்கும் சின்னப் பாலம். பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் மெழுகு உருகி வழிந்து உறைந்திருந்தது. கல்லறைத் திருநாள் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. எஸ்டேட்டில் கிறிஸ்தவர்கள் அதிகம் என்பதால் எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. ஆனால் அங்கே கல்லறை எதுவும் இல்லை.

"கண்ணாடிய ஏத்து" என்றார் அண்ணன்.

"ஏத்தித்தானுங்ணா இருக்கு."

"நல்லாப் பாரு."

பார்த்தேன். ஏற்றித்தான் இருந்தது.

இறங்கும்போது ஸ்கேனரில் நான்கு பூஜ்யம். கீழே ஏலக்காய் உலர்த்தும் அடுப்பில் ஏதோ தகராறு. அது முடிய மாலையாகிவிட்டது. அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டே வேலையாட்களைத் திட்டினார். "இருட்டறதுக்குள்ள நான் மேல போயிருக்கணும்டா" என்று நான்கைந்து தடவை சொன்னார். மறையூர் ரோட்டில் யானை இறங்கும், அதற்குத்தான் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது மணி 5.50. பனி இறங்கியிருந்தது. நாவல்களில் வரும் பனி விழுந்து கிடக்கும். இது நடக்கும். தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து எழுந்து ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

மணி 6.05. வளைவு வந்தது.

டுக்.

வண்டி லேசாகக் குலுங்கியது.

டுக்... டுக் டுக்...

ஸ்டியரிங் நடுங்கியது. டாஷ்போர்டில் இன்ஜின் செக் லைட் சிமிட்டத் தொடங்கியது. திரையைப் பார்த்தேன். ஒன்று, பூஜ்யம். இரண்டு, பூஜ்யம். நான்கு, பூஜ்யம். மூன்றாவது சிலிண்டருக்கு எதிரே மட்டும் எண் ஏறிக்கொண்டே போனது.

"மாட்டிக்கிச்சுங்ணா" என்றேன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். "நிறுத்துங்க. இப்பவே பாத்தர்லாம்."

"இங்க வேண்டாம்டா. உருட்டிக்கிட்டே மேல போயிருலாம். எப்பவும் அப்பிடித்தான் போவேன்."

"மேல போனா சரியாயிரும்னு நீங்கதானுங்ணா சொன்னீங்க. குறை இருக்கறப்பப் பாத்தாத்தான் ஆச்சு. இல்லீன்னா நாலாவது வண்டி வாங்கோணும்."

அவர் என்னைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். வண்டியை நிறுத்தினார்.

பானட்டைத் திறந்தேன். மூன்றாவது காயிலைக் கழற்றி ஒன்றிலும், ஒன்றில் இருந்ததை மூன்றிலும் மாட்டினேன். பத்து நிமிட வேலை. அண்ணன் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார். வெளிச்சம் இன்ஜின் மேல் நிற்காமல் அடிக்கடி ரோட்டுப் பக்கம் போனது.

"இங்க காட்டுங்ணா."

"ம்."

நான் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் பட்டு மாதிரி ஓடியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். ஒரு குலுக்கல் இல்லை. கனெக்டர் லூசாக இருந்திருக்கும், மாற்றி மாட்டியதில் சரியாகிவிட்டது என்று முடிவு செய்தேன். "ஏறுங்ணா, போலாம்."

அவர் கதவைத் திறந்து இடது பக்கம் உட்கார்ந்தார்.

டுக்... டுக் டுக்...

திரையில் மறுபடியும் மூன்று. காயில் மாறியும் குறை மாறவில்லை. அப்படியானால் காயில் மேல் பழி இல்லை. நான் இறங்கினேன். ஓடுகிற இன்ஜினில் காயில்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தேன். ஒன்றை உருவினால் சத்தம் இன்னும் மோசமானது. இரண்டு, அதே மாதிரி மோசமானது. நான்கும் அதே மாதிரிதான். மூன்றை உருவினேன். சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. செத்துப்போன சிலிண்டர்.

அண்ணனுக்கு உள்ளே மூச்சு முட்டியது போலிருக்கிறது. கதவைத் திறந்து இறங்கி நின்றார்.

கனெக்டர் இன்னும் என் கையில்தான் இருந்தது. அதை மறுபடி மாட்டினேன். மூன்றாவது சிலிண்டர் உயிர் பெற்று எரிந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் ரோட்டில் நிற்கிறார். வண்டி பட்டாக ஓடுகிறது.

"அண்ணா... கொஞ்சம் ஏறி உக்காருங்க."

ஏறினார். டுக் டுக்.

"எறங்குங்க."

இறங்கினார். நின்றது.

"ஏறுங்க."

டுக் டுக் டுக்.

அப்புசாமி அண்ணனின் குரல் எனக்குள் கேட்டது. குத்தம் எது கூடப் போகுதோ...

நான் அதை வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு முன்னாலேயே புரிந்திருக்கலாம். உட்கார்ந்த இடத்திலிருந்து இடது கதவுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் சுற்றி வந்து பார்த்தேன். கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி படிந்து வெள்ளையாக இருந்தது. அதில் வரிசையாக நான்கு வட்டங்கள். சின்னச் சின்னதாக. மடக்கிய கையின் விரல் முட்டிகள் பட்டால் விழுமே, அந்த அளவு.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு நான்கு விழுந்தது.

டுக்.

இன்ஜின் சத்தம் என்று இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு..." என்றார் அண்ணன். "அன்னிக்கு வண்டி நல்லாத்தான்டா இருந்துச்சு."

"என்னைக்குங்ணா?"

நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்து, வியர்வை கொட்டியது. இடது கை மரத்துப்போகிறது என்றார்.

மணி 6.38. செல்போனில் சிக்னல் இல்லை. நான் பானட்டை அடித்து மூடிவிட்டு ஓடி வந்து வண்டியை எடுத்தேன். மேலே பள்ளிவாசல் மெயின் ரோடு. அங்கிருந்து மூணாறு ஆஸ்பத்திரி கால் மணி நேரம். போய்விட்டால் பிழைத்துக்கொள்வார். அது ஒன்றுதான் என் மனதில்.

வண்டி பத்தடி ஏறியது.

டுக் டுக் டுக்... மூன்று போனது.

திரையில் இரண்டாவது எண்ணும் ஏறத் தொடங்கியது.

பிறகு நான்கு.

இன்ஜின் அணைந்தது. வண்டி தானாகப் பின்னால் உருண்டு பாலத்தருகே வந்து நின்றது. நிறுத்திய அதே இடம்.

மறுபடி ஸ்டார்ட் செய்தேன். பத்தடி. அணைந்தது. உருண்டது. அதே இடம்.

மூன்றாவது தடவையும்.

"அண்ணா," என்றேன், "நான் மட்டும் மேல போயி ஆளக் கூட்டியாறேன். பத்தே நிமிசம்."

"வேண்டாம்டா... என்னைய உட்டுட்டுப் போகாத."

"நீங்க உள்ள இருந்தா வண்டி ஏறமாட்டீங்குது, பாக்கறீங்கல்ல."

அவர் என் கையைப் பிடித்தார். அந்தக் கையை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிலம் இருந்தும் மண்ணைத் தொடாத கை. மழமழவென்ற விரல்கள். ஒரு கீறல் இல்லை. பவழக் கல் டார்ச் வெளிச்சத்தில் முழுசாக மின்னியது.

தூக்கிப்போய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். என் ஸ்வெட்டரைப் போர்த்தினேன். சுவரில் ஊன்றிய என் உள்ளங்கையில் மெழுகு ஒட்டியது.

சூடாக இருந்தது.

மணி 6.47. கிளம்பினேன்.

வண்டி பட்டு மாதிரி ஏறியது.

ஒரு குறை இல்லை. நான்கு பூஜ்யம்.

கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். பனி. அவரைத் தெரியவில்லை.

மணி 6.52.

டக் டக்.

இது இன்ஜின் இல்லை.

பின்பக்கம். இடது கண்ணாடி.

டக் டக்... டிக். டக் டக்... டிக்.

வண்டி நாற்பதில் போகிறது. யாரோ கூடவே ஓடி வந்து தட்டுகிறார்கள்.

நான் திரும்பவில்லை.

டக் டக் டிக். டக் டக் டிக்.

வேகமாக. இன்னும் வேகமாக. உள்ளே விடு, உள்ளே விடு என்பதுபோல.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன்.

தட்டலும் கூடவே வந்தது...

மூச்சிரைக்கும் சத்தம்கூட...

கண்ணாடி ஏற்றியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். ஏற்றித்தான் இருந்தது.

டக்... டிக்.

...டிக்.

மெயின் ரோட்டு விளக்கு வெளிச்சம் கண்ணில் பட்டது. சத்தம் நின்றது.

டீக்கடை ஒன்று திறந்திருந்தது. வாசலில் ஒரு ஜீப். பெஞ்சில் மூன்று பேர். நான் இறங்கியதும் அதில் ஒருவர் எழுந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் ஜெபமாலையைக் கட்டியிருந்தார். அவர் பெயர் பாஸ்கல் என்று பிறகு தெரிந்தது. எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவர்.

"என்ன தம்பி, இப்பிடி நடுங்குதீக?"

"நெஞ்சு வலிங்க. வண்டி ஓனருக்குங்க. கீழ ஒரு சின்னப் பாலத்துல..."

அவர் கையிலிருந்த டீ கிளாஸ் பெஞ்சில் இறங்கியது. "மெழுகுவத்தி ஏத்தியிருக்குமே. அங்கனயா?"

"ஆமாங்க."

ஒரு நொடி நின்றார். "ஏறுங்க" என்றார்.

மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் இறங்கினோம். அண்ணன் நான் வைத்த இடத்திலேயே சாய்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. உடம்பில் சூடு இருந்தது. நாடி எனக்குத் தெரியவில்லை. பாஸ்கல் அண்ணன், "பேசாமத் தூக்குங்க, டாக்டர் பாக்கட்டும்" என்றார். பின்னால் படுக்க வைத்தோம்.

அது பழைய டீசல் ஜீப். ஏறத் தொடங்கியதும்...

கடக்... கடக் கடக்...

"என்னல இது" என்றார் பாஸ்கல் அண்ணன். "இருவது வருசமா ஓட்டுதேன். இது இப்பிடிப் பண்ணுனதே இல்ல."

ஜீப் அணைந்தது.

எனக்குத் தெரிந்துபோனது. "அவர எறக்கிட்டுப் பாருங்க" என்றேன்.

"என்ன பேச்சு பேசுதீக?"

"எறக்கிட்டுப் பாருங்க, அண்ணா."

இறக்கினோம். ஜீப் ஒரே சாவியில் கிளம்பியது. நன்றாக ஓடியது. டீசல் வண்டிக்கும் குறை வரும், நான் பார்த்திருக்கிறேன். ஆளை ஏற்றினால் வந்து, ஆளை இறக்கினால் போகிற குறை எந்த இன்ஜினிலும் கிடையாது.

பாஸ்கல் அண்ணன் இன்ஜினை அணைத்தார். இருட்டில் சிலுவை போட்டுக்கொண்டார். சீட்டுக்கடியிலிருந்து கம்பளியை இழுத்து ரோட்டில் விரித்தார்.

"நாலு பேரு இருக்கோம். தூக்கிட்டுப் போவோம்."

மூலைக்கு ஒருவராகத் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தை நடந்தே ஏறினோம். மெயின் ரோட்டில் டீக்கடைக்காரர் ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தார். அதில் ஏற்றினோம். அது ஒரு குலுக்கலும் இல்லாமல் மூணாறு போய்ச் சேர்ந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு, "ஏழு மணிக்கு முன்னாடியே உயிர் போயிருக்கு" என்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் பாஸ்கல் அண்ணனும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். எதையாவது பேச வேண்டும் போலிருந்தது. வழியில் அண்ணன் சொன்ன வேடிக்கையைச் சொன்னேன். யாராவது கை காட்டினால், கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி, 'வண்டி மிஸ்ஸிங், ஏறாது' என்று சொல்லிவிடுவாராம்.

பாஸ்கல் அண்ணன் கையில் கட்டியிருந்த ஜெபமாலையை அவிழ்த்து எடுத்தார்.

"எங்க வீட்டுக்காரி பேரு கத்தரீனாள்" என்றார். "ரெண்டு வருசம் ஆச்சு. கொழுந்து எடுக்கையில கதண்டு கொட்டிருச்சு. கதண்டுன்னா மலைக்குளவி. பத்துப் பன்னெண்டு கடி. மூச்சு இழுக்க ஆரம்பிச்சிட்டு. நான் வண்டியோட தேனி போயிருந்தேன். கூட வேலை செஞ்ச பின்சிங்கிற பொண்ணு அவளக் கைத்தாங்கலா ரோட்டுக்குக் கொண்டாந்துருக்கு. ஒரு வெள்ளைக் காரு மேல ஏறி வந்துச்சாம். பாலத்துக்கிட்ட மறிச்சிருக்காக."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"கண்ணாடிய இத்தினி எறக்கி, வண்டி மிஸ்ஸிங், ஏறாதுன்னானாம். பின்சி பச்சப் புள்ள. நம்பிருச்சு. 'நாங்க தள்ளுதோம் அண்ணே'ன்னு சொல்லியிருக்கு. தள்ளுறதுக்குப் பின்னாடி போயிருக்கா. வண்டி கெளம்பிப் போயிருச்சு. ஒரு கொறையும் இல்லாம, பட்டு மாதிரி ஏறிப் போச்சுன்னு பின்சி இன்னைக்கும் சொல்லுவா. கத்தரீனாளு மூச்சு இழுக்க இழுக்க அந்தக் கண்ணாடியத் தட்டிக்கிட்டே ஓடியிருக்கா. எவ்வளவு தூரம் ஓட முடியும். அந்தப் பாலத்துலயே விழுந்துட்டா."

கையிலிருந்த ஜெபமாலையைத் திருகினார். "சவப்பெட்டில வைக்கையில பாத்தேன். வெரல் முட்டி நாலும் தோலு கழண்டு கெடந்துச்சு."

ஆம்புலன்ஸ் ஒன்று வந்து நின்றது. போனது.

"யாருன்னு தெரிஞ்சிருந்தா கம்பளியில தூக்கியிருப்பேனான்னு மட்டும் கேக்காதீக, தம்பி" என்றார்.



இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். கத்தரீனாள் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டாள், நடுவில் நான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்து மறந்திருப்பேன். அந்த ஏற்றத்தில் என் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு ஓடி வந்ததும் அவள்தான் என்று நம்பியிருப்பேன். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நல்லேப்பிள்ளியில், அண்ணனின் வீட்டில், குளிப்பாட்டும்போது தண்ணீர் ஊற்றக் கூட நின்றேன். அவர் மகள் கௌசிகா வலது கையிலிருந்த மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். கையைத் தூக்கினேன்.

விரல் முட்டி நான்கிலும் தோல் இல்லை.

பவழக் கல் பாதி உடைந்திருந்தது.

நான் விட்டுவிட்டு வரும்போது முழுசாக இருந்த கல். நாங்கள் திரும்பி வந்தபோதும் அவர் சுவரில் சாய்ந்து, அசையாமல், என் ஸ்வெட்டருக்குள் கையை வைத்தபடி இருந்தார். தட்டுவதற்கு அவர் முன்னால் எதுவும் இல்லை.

ஒரு வாரம் கழித்து வண்டியை ஒர்க்‌ஷாப்பில் கழுவினேன். கௌசிகா அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பின்பக்க இடது கண்ணாடி. கீழே கண்ணாடியும் ரப்பரும் சேரும் இடுக்கில் என்னவோ சிவப்பாகத் தெரிந்தது. ஊசியால் நெம்பி எடுத்தேன்.

பவழத் துண்டு.

டாக்டர் எழுதிக் கொடுத்த நேரத்தைக் கௌசிகாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 6.50 வாக்கில்.

தட்டல் தொடங்கியது 6.52.

கத்தரீனாள் கொழுந்து எடுக்கிறவள். அவள் கையில் மோதிரம் கிடையாது என்று பாஸ்கல் அண்ணன் போனில் சொன்னார்.

உள்ளே விடச் சொல்லி அவ்வளவு தூரம் என் கூட ஓடி வந்தது யார் என்று எனக்குத் தெரியும். பாலத்தருகே கண்ணாடியில் தடம் பதித்த அந்தக் கை என்று நினைத்துத்தான் நான் கண்ணாடியை இறக்கவில்லை.